சான்றிதழுக்கு முப்பத்தைந்து சென்ட்

டெனீட்ரா பியூவும் நானும் ஏழு வருஷம் கோழி இறைச்சி ஆலையில் ஒரே வரிசையில் நின்று எலும்பு எடுத்தவர்கள். அவளிடம் கார் கிடையாது. விடிவதற்கு முன்பே அவள் வீட்டு முன்னால் என் காரை நிறுத்துவேன். ஆலைக்குப் போக நாற்பது நிமிஷம், திரும்ப நாற்பது நிமிஷம். ஜார்ஜியா மாநிலத்தின் தென்பகுதியில், கவுண்டி என்று சொல்லும் எங்கள் சிறு மாவட்டத்தில் அந்த ஆலையை விட்டால் நிலையான வேலை என்று சொல்ல பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஜெயில், அவ்வளவுதான். அவளைப் பற்றி நான் சொல்லப்போவதில் பாதி அந்தக் காரில் கேட்டது. மீதி பக்கத்தில் நின்று பார்த்தது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மகள் ஜாரியாவுக்குப் பதினொன்று. ஜாரியாவின் அப்பா டெக்சாஸுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இருந்துவிட்டார். டெனீட்ராவுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, கெண்ட்ரெல். கார் மெக்கானிக். அந்த வருஷம் மார்ச் மாதம் அவனை ஜெயிலில் போட்டார்கள். பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. வேகமாக ஓட்டியதற்கு வழக்கு, கோர்ட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம். கடிதம் அவன் காலிசெய்த பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. கோர்ட்டுக்கு வரவில்லை என்று பிடிவாரண்ட் போட்டார்கள். நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான்.

அந்த நாற்பத்தொரு நாளில் டெனீட்ரா ஆலையில் லீவு சொல்லிவிட்டு, அவனை வெளியே எடுக்க நான்கு தடவை ஜெயிலின் விசாரணை ஜன்னலுக்குப் போனாள். முதல் தடவை வேறு ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை அந்தப் படிவம் இங்கே இல்லை, கோர்ட்டில் வாங்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் தடவை கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. நான்காம் தடவை ஜன்னலில் இருந்த பெண் அவள் முகத்தையே பார்க்காமல் சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பிவிட்டாள். அன்று காரில் ஏறியதும் கதவை அறைந்து சாத்தினாள். அப்புறம் சொன்னாள்:

"அந்த நாற்காலியில உக்காந்திருக்கவளுக்கு என்னை விட என்னடி தெரியும், கிளெமி? ஒரு மனுஷிக்கு மரியாதையா பதில் சொல்ல என்ன படிப்பு வேணும்?"

என்ன படிப்பு வேண்டும் என்பதை அவள் நிஜமாகவே விசாரிக்கத் தொடங்கினாள்.

பக்கத்து ஊரில் இருக்கும் சமுதாயக் கல்லூரியில் குற்றவியல் நீதி என்று ஒரு சான்றிதழ் படிப்பு இருந்தது. ஒரு வருஷம். புத்தகம், கட்டணம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து நாலாயிரத்து இருநூறு டாலர் ஆகும், மாணவர் கடன் வாங்கிக்கொள்ளலாம். கல்லூரி கொடுத்த வழவழப்பான தாளில் சிரித்த முகத்தோடு ஒரு சீருடைக்காரர் நின்றார். பக்கத்தில், இந்தத் துறையில் சராசரி வருமானம் வருஷத்துக்கு நாற்பத்து மூவாயிரம் டாலர் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆலையில் எங்களுக்கு மணிக்குப் பதினைந்து டாலர் தொண்ணூறு சென்ட். ஓவர்டைம் இல்லாவிட்டால் வருஷத்துக்கு முப்பத்து மூவாயிரம். எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் ஆசையாகத்தான் இருந்தது. உடனே சேர்ந்துவிடு என்றுகூடச் சொன்னேன்.

அவள் சேரவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. இருபத்தொரு வயதில் இதே மாதிரி ஒரு தாளை நம்பி, மருத்துவ உதவியாளர் படிப்பு என்று ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாயிரம் டாலர் கடனுக்குச் சேர்ந்திருந்தாள். பாதியிலேயே அந்தப் பள்ளி கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டது. கடன் மட்டும் போகவில்லை. வட்டியும் அபராதமும் ஏறி, பதின்மூன்றாயிரத்து அறுநூறாகி நின்றது. தவணை தவறியவள் என்று பெயர் விழுந்துவிட்டதால், வருஷத்துக்கு ஒருமுறை வருமான வரியில் திரும்பக் கிடைக்கவேண்டிய பணத்தை அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். எங்களைப் போன்றவர்கள் வருஷத்தில் மொத்தமாக ஒரு பெரிய தொகையைப் பார்ப்பது அந்த ஒரே சமயத்தில்தான். பிப்ரவரி மாதம் ஆலையில் ஆளாளுக்கு டயர் மாற்றினேன், சோபா வாங்கினேன் என்று பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

அதனால் இந்த முறை யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து, கோழி வாசனை போகக் குளித்து, சர்ச்சுக்குப் போடும் நீல கவுனைப் போட்டுக்கொண்டு நேராக ஜெயிலுக்கே போனாள். நானும் கூடப் போனேன். ஜெயில் பொறுப்பில் இருந்தவர் கேப்டன் வாஃபர்ட் என்ற வெள்ளைக்காரர். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. வேலை கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து விண்ணப்பத்தை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"வேலைக்கு இன்னைக்கு வரலைங்க. ஒரு கேள்வி இருக்கு. கல்லூரியில அந்தச் சான்றிதழ் வாங்கிட்டு வந்தா, வாங்காதவங்களை விட எவ்வளவு கூடக் கொடுப்பீங்க?"

கேப்டன் நீட்டிய விண்ணப்பத்தை மேசையில் வைத்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து சம்பளப் பட்டியலை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.

"மணிக்கு முப்பத்தஞ்சு சென்ட் கூட. ஜெயில் காவலர் வேலைக்குப் பள்ளிக்கூடம் முடிச்சா போதும்மா. பயிற்சி நாங்களே கொடுப்போம், பயிற்சி நாளுக்கும் சம்பளம் உண்டு. பதினாறு எழுபத்தஞ்சுல ஆரம்பிக்கும்."

டெனீட்ரா அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டாள். வருஷம் முழுக்க வேலை பார்த்தால் முப்பத்தைந்து சென்ட் எழுநூற்று இருபத்தெட்டு டாலராகும். நாலாயிரத்து இருநூறை அடைக்க ஆறு வருஷம், வட்டியும் வரியும் தனி. என் முகம் வாடிவிட்டது. அவள் முகம் வாடவில்லை. இன்னொரு கேள்வி கேட்டாள்.

"சரிங்க. அந்தச் சான்றிதழ் இல்லைன்னா கிடைக்கவே கிடைக்காதுங்கற வேலை இந்தக் கவுண்டியில ஏதாவது இருக்கா?"

இந்தக் கேள்விக்கு அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். யோசித்துச் சொன்னார். கோர்ட் கட்டடத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. வழக்கு முடியும்வரை வெளியே இருப்பவர்களைக் கவனித்துக்கொள்வது, கோர்ட் தேதியை நினைவுபடுத்துவது அதன் வேலை. அங்கே சேர இரண்டு வருஷப் பட்டம் வேண்டும். பட்டம் இல்லாவிட்டால் இந்தச் சான்றிதழும், கூடவே ஜெயிலில் இரண்டு வருஷ அனுபவமும் வேண்டும். சம்பளம் மணிக்கு இருபத்தொன்றரைக்குப் பக்கத்தில். சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் அங்கேயும் உள்ளே விடமாட்டார்கள்.

இதைக் கல்லூரித் தாளில் ஏன் போடவில்லை என்று வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மளிகைக் கடையில் ஆர்வின் டிக்ஸைப் பிடித்தாள். ஆர்வின் அதே சான்றிதழை மூன்று வருஷத்துக்கு முன்பே வாங்கியவன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் பட்டாணி டப்பாக்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னான். பத்தொன்பது வயதில் ஒரு சண்டையில் அவன் மேல் வழக்கு ஒன்று பதிவாகியிருந்ததாம். படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்தான். ஜெயில், போலீஸ், கோர்ட் என்று எங்கே விண்ணப்பித்தாலும் பழைய வழக்கைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். வட்டியும் சேர்ந்து ஆறாயிரம் டாலரான கடன் மாதா மாதம் போய்க்கொண்டிருக்கிறது.

"சேர்ற அன்னைக்கே யாராவது கேட்டிருந்தா நான் மறைச்சிருக்க மாட்டேன் சிஸ்டர்," என்றான். "யாரும் கேக்கலை."

அது அவளை மிகவும் உறுத்தியது. கல்லூரியில் மாணவர்களைச் சேர்க்கும் திரு. டில்லரியிடம் போய் உட்கார்ந்தாள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அவர் மழுப்பவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. பதினைந்து வருஷத்தில் இதை யாருமே தன்னிடம் கேட்டதில்லை என்றார். பத்து நாள் கழித்து அவரே போன் பண்ணினார். அதற்கு முந்தின வருஷம் சேர்ந்தவர்கள் இருபத்திரண்டு பேர். முடித்தவர்கள் பதின்மூன்று. இந்தத் துறையில் வேலையில் இருப்பவர்கள் ஐந்து. அந்த ஐந்தில் மூன்று பேர் ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டே படித்தவர்கள்.

அந்த மூன்று பேர் என்ற வார்த்தையில் டெனீட்ராவுக்கு வழி தெரிந்துவிட்டது. காரில் ஏறியதும் சொன்னாள்: "நான் தலைகீழா பாத்துட்டு இருந்திருக்கேன்டி. முதல்ல வேலை. படிப்பு அப்புறம். அதுவும் கடன் இல்லாம."

கடன் இல்லாமல் எப்படி என்று கேட்டேன். ஏழைகளுக்கு அரசாங்கம் திருப்பிக் கேட்காத உதவித்தொகை ஒன்று தருகிறது. ஆனால் பழைய கடனில் தவணை தவறியவர்களுக்கு அது கிடையாது. ஒன்பது மாதம் ஒழுங்காகக் கட்டிக் காட்டினால் அந்தக் கெட்ட பெயர் நீங்கும் என்பதை டில்லரிதான் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவள் வருமானத்துக்கு மாதம் அறுபத்திரண்டு டாலர் கட்டச் சொன்னார்கள். பதினைந்து வருஷமாகப் பயந்து பயந்து கடிதத்தைப் பிரிக்காமலேயே வைத்திருந்தவள், மாதம் அறுபத்திரண்டில் தீர்கிற விஷயமா இது என்று ஆலையின் கழிப்பறையில் நின்று அழுதாள். நான் வெளியே நின்று யாரையும் உள்ளே விடவில்லை.

ஆகஸ்டில் ஜெயில் வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். கறுப்பர்களான எங்களவர்களுக்குச் சிறை என்றாலே என்ன நினைப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்ச்சில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்து, இனிமேல் உன் பக்கத்தில் உட்காரும்போது கையைத் தூக்கிக்கொண்டு உட்காரணுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். அதையெல்லாம் அவள் சிரித்தே தாண்டினாள். கெண்ட்ரெலைத் தாண்ட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில்தான் அவனிடம் சொன்னாள். கீரையும் பன்றி இறைச்சியும் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். கோழியோடு வாரம் முழுக்கக் கிடக்கும் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோழி ஆகாது. அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நாப்பத்தொரு நாள் என்னைப் பூட்டி வச்ச சாவியை நீ இடுப்புல மாட்டிக்கப் போறியா, அக்கா?"

அவளுக்கு அதற்கு ஒரு பதில் இருந்தது. அந்த ஜன்னலில் மரியாதையாகப் பேச ஒருத்தியாவது இருக்கட்டும் என்று, பல நாள் காரில் என்னிடம் சொல்லிப் பார்த்த பதில். ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்ததும், அதைச் சொல்லாமல் இன்னொரு ரொட்டியை அவன் தட்டில் வைத்தாள். அவன் எழுந்தான், ஜாரியாவின் தலையைத் தடவினான், போய்விட்டான். அதன்பிறகு பத்து மாதம் அந்த வீட்டுப் படியில் அவன் கால் வைக்கவில்லை. டெனீட்ரா ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கும் சேர்த்தே சமைத்தாள். மிச்சத்தை என்னிடம் கொடுத்து அவன் மெக்கானிக் கடையில் வைத்துவிட்டு வரச் சொல்வாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். ஆள் வரமாட்டான்.

ஜெயில் வேலை சுலபமாக இருக்கவில்லை. ஆலையில் கிடைத்த ஓவர்டைம் அங்கே இல்லாததால் முதல் ஆறு மாதம் கையில் வந்தது முன்பைவிடக் குறைவு. அழுகையும் கெட்ட வார்த்தையும் பழகிப்போன இடம். அவளை விடச் சின்னவர்கள் அவளுக்கு உத்தரவு போட்டார்கள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள். தப்புக் கணக்குப் போட்டுவிட்டேனோ என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? ஆலையில் இடம் காலியாகத்தான் இருக்கிறது என்றேன். அதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாள். மறுநாளும் ஜெயிலுக்குத்தான் போனாள்.

ஒன்பதாவது தவணையைக் கட்டிய மாதம் அவள் பெயர் சுத்தமானது. உதவித்தொகை கிடைத்தது. ஒரு பருவத்துக்கு இரண்டு வகுப்பு என்று வேலைக்குப் போய்க்கொண்டே சேர்ந்தாள். புத்தகங்களைப் பழைய மாணவர்களிடம் பாதி விலைக்கு வாங்கினாள். முதல் வகுப்பு அறிக்கை எழுதுவது. பார்த்ததை மட்டும் எழுது, நினைத்ததை எழுதாதே, மணியைக் குறி என்று அந்த ஆசிரியை படுத்திய பாட்டை ஜாரியாவே நடித்துக் காட்டுவாள். டெனீட்ரா வீட்டில் பூனை வருவதையும் போவதையும் மணியோடு எழுதிப் பழகினாள்.

அந்தப் பழக்கம்தான் ஓர் உயிரைக் காப்பாற்றியது. ஒரு பிற்பகலில் அறுபது வயதுக்காரர் ஒருவரைக் குடித்திருக்கிறார் என்று சொல்லிக் கொண்டுவந்து அடைத்தார்கள். தள்ளாடினார், குழறினார். தூங்கினால் தெளியும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். டெனீட்ரா ஒவ்வொரு சுற்றிலும் பார்த்ததைக் குறித்தாள். இரண்டு மணி நேரத்தில் ஆறு தடவை தண்ணீர் கேட்டார், மூன்று தடவை சிறுநீர் கழித்தார், மூச்சில் அழுகிய பழ வாசனை, சாராய வாசனை இல்லை. அவளுக்கு மேலே இருந்த அதிகாரி கையை அசைத்துப் போகச் சொன்னார். அவள் அந்தத் தாளை நேராக நர்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நர்ஸ் பாதி படிக்கும்போதே ஓடினாள். சர்க்கரை நோய் முற்றி மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆம்புலன்ஸ் வந்தது, பிழைத்தார். கேப்டன் வாஃபர்ட் அந்தத் தாளைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்து, அறிக்கை என்றால் இப்படி எழுதுங்கள் என்றாராம்.

அன்று மாலை அந்தப் பெரியவரின் மனைவி, கணவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் மருந்துச் சீட்டோடு ஜெயில் ஜன்னலில் நின்று பயந்துகொண்டிருந்தபோது டெனீட்ராதான் எந்தப் படிவம், எந்த அறை, யாரிடம் கேட்பது என்று எழுதிக் கொடுத்து, கூடவே நடந்துபோய் விட்டுவிட்டு வந்தாள். அந்த அம்மாவின் வண்டி கெண்ட்ரெலின் கடைக்குப் போகும் வண்டி என்பது அவளுக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு நான் அங்கே இருந்தேன். கெண்ட்ரெல் பின் கதவு வழியாக வந்து தட்டை எடுத்துத் தானே போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். டெனீட்ரா அடுப்புப் பக்கமே திரும்பி நின்றாள். கொஞ்சம் சாப்பிட்ட பிறகு அவனே பேசினான்.

"கீரைல உப்பு கம்மி."

"பத்து மாசமா அதே உப்புதான்," என்றாள் அவள். "பாத்திரம் கழுவி அனுப்பினப்ப சொல்லியிருக்கலாம்ல."

அவன் சிரித்துவிட்டான். அந்த அம்மா சொன்னதைச் சொன்னான். தான் உள்ளே இருந்தபோது அப்படி ஒருத்தர் ஜன்னலில் இருந்திருந்தால் நான்கு நாளில் வந்திருப்பேன் என்றான். மன்னிப்பு என்ற வார்த்தை இரண்டு பேர் வாயிலும் வரவில்லை. சாப்பிட்டுவிட்டு வெளியே போய் என் காரின் பிரேக்கைச் சரிபார்த்தான். அது சத்தம் போடுகிறது என்று மாதக்கணக்கில் நான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டரை வருஷத்தில் சான்றிதழ் வந்தது. அதற்காக அவள் வாங்கிய புதுக் கடன் ஒரு டாலர்கூட இல்லை. முதலில் கிடைத்தது அந்த முப்பத்தைந்து சென்ட்தான். நாலு மாதம் கழித்து கோர்ட் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானது. மணிக்கு இருபத்தொன்று நாற்பது. விண்ணப்பித்த ஏழு பேரில் சான்றிதழும் ஜெயில் அனுபவமும் சேர்ந்து இருந்தது அவளிடம் மட்டும்தான். இப்போது காலையில் நாற்பது, ஐம்பது பேருக்குப் போன் போட்டு உங்களுக்கு வியாழக்கிழமை கோர்ட், மறக்காதீங்க, பஸ் இல்லைன்னா சொல்லுங்க என்று பேசுவது அவள் வேலை. அவள் வந்தபிறகு கோர்ட்டுக்கு வராமல் போகிறவர்கள் குறைந்துவிட்டதாக நீதிபதியே சொன்னாராம்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். பழைய கடனில் இன்னும் பத்தாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. ஆர்வின் டிக்ஸ் இன்னும் டப்பா அடுக்கிக்கொண்டுதான் இருக்கிறான். பழைய வழக்கைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லிக் கோர்ட்டில் மனு போடலாம் என்று அவள் சொல்லிப் போட வைத்தாள், பதில் வரவில்லை. ஆனால் டில்லரி இப்போது சேர வருகிறவர்களிடம் முதல் கேள்வியாகவே உங்கள் மேல் எப்போதாவது வழக்கு இருந்ததா என்று கேட்கிறார். அந்த ஐந்து, பதின்மூன்று, இருபத்திரண்டு கணக்கையும் அச்சடித்துக் கையில் கொடுக்கிறார். சேர்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். முடிக்கிறவர்கள் குறையவில்லை.

போன வசந்தத்தில் அவளுக்கு இரண்டு வருஷப் பட்டம் படிக்கும் யோசனை வந்தது. யார் யாரையோ போய்க் கேட்டாள், கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இந்த வருஷம் வேண்டாம் என்று முடிவு பண்ணினாள். படிப்புக்கு ஒதுக்கி வைத்ததிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஜாரியாவையும் என்னையும் மூன்று நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் ஊரிலிருந்து கடல் இரண்டரை மணி நேரம்தான். அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. முதல் நாள் காலையில் கால் நனைத்துவிட்டு வந்து மணலில் துண்டை விரித்துப் படுத்தாள். சாப்பாட்டுக்கு எழுப்பலாமா என்று ஜாரியா கேட்டாள். தூங்கட்டும் என்றேன். நாங்கள் இரண்டு பேரும் போய் வறுத்த இறால் வாங்கிக்கொண்டு வந்தோம். அவள் பங்கை மூடி வைத்தோம்.